ஒன்றாம் ரோலரின் சாவி

என் தாய்மாமாவின் வலது கையை நசுக்கியது நான் எழுதிய புரோகிராம். விபத்துதானே என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமாவுக்குத் தேயிலை பேக்டரியில் ஒன்றாம் ரோலரில் வேலை. வாடிய கொழுந்தை முறுக்கிப் பிழியும் இரும்பு மெஷின் அது. அடைத்துக்கொண்ட கொழுந்தைக் கைவிட்டு எடுக்கும்போதெல்லாம், மெஷினின் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொள்வார். கை வெளியே வரும்வரை தோட்டத்து மேனேஜரான துரையே கேட்டாலும் தரமாட்டார்.

அந்த மெஷின்களை நெட்வொர்க்கில் இணைத்தவன் நான். இனி சாவியே வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

"இனிமே சிஸ்டம் பாத்துக்கும்லா மாமா. பட்டனைத் தட்டினா போதும்," என்றேன்.

சாவியை வாங்க இடது கையை நீட்டினேன். சட்டென்று மணிக்கட்டில் அடித்தார். இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் அவருக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்து அதற்காக முதுகில் நிறைய வாங்கியிருக்கிறேன். வலது கையை நீட்டிய பிறகே சாவியைத் தந்தார்.

"உள்ள போறது என் கை. மறந்துடாத," என்றார். நான் சிரித்தேன்.

பத்தாம் நாள் அலறல் கேட்டு ஓடினேன். பச்சைச் சாற்றோடு ரத்தமும் பிழிந்து வழிந்தது. மெயின் சுவிட்சை அறைந்து நிறுத்தியபோது, மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் இல்லை. கொழுந்து லோரியிலேயே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அத்தை செருப்பைக் கழற்றி என் முகத்தில் மாறி மாறி அடித்தார். நான் தடுக்கவில்லை.

உதட்டில் ரத்தத்தோடு வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்தேன். நெட்வொர்க்கில் வரும் உத்தரவு ஒவ்வொன்றும் முதலில் நினைவகத்தில் ஒரு சிறு இடத்தில் இறங்கும். அதைப் பஃபர் என்போம். படித்து முடித்த பிறகே அந்த இடத்தை அடுத்த உத்தரவுக்கு விட வேண்டும். வேகத்துக்கு ஆசைப்பட்டு, புரோகிராம் படித்து முடிக்கும் முன்பே விடும்படி எழுதியிருந்தேன். மாமா பட்டனைத் தட்டியதும் 'ஒன்றாம் ரோலர், நின்றபடி இரு' என்று உத்தரவு வந்திருக்கிறது. யாருக்கு என்பதைப் புரோகிராம் படித்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று படிப்பதற்குள், இரண்டாம் ரோலருக்கான 'ஓடு' அதே இடத்தில் வந்து விழுந்திருக்கிறது. ஓடியது ஒன்றாம் ரோலர். ஒரே ஒரு வரி இடம் மாறிக் கிடந்தது.

துரை ஒரு தாளோடு வந்தார். "ஓடுற மெஷின்ல கைய விட்டாருன்னு எழுதிடு. சிஸ்டம் மேல பழி வரக்கூடாது."

அப்படி எழுதினால் மாமாவின் வேலை போகும். தோட்டம் கொடுத்த லயன் வீடும் போகும். துரையின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். அவர் பல் உடைந்தது. அதற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை. பிறகு அந்தத் தாளிலேயே இடம் மாறிக் கிடந்த என் புரோகிராம் வரியை எழுதி, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுவாரம் மாமாவின் கட்டிலருகே போனேன்.

"மறுபடி சாவியே போடச் சொல்லிட்டேன் மாமா. கைய விடுறவங்ககிட்டதான் இருக்கும்," என்று சொல்லிச் சாவியை நீட்டினேன்.

பழக்கத்தில் கட்டுப்போட்ட வலது கைதான் முதலில் வந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.