பையிலிருந்து விழுந்த சாவி

அந்தத் தெருவில் அவளுக்குக் காக்கா என்று பெயர். வருஷம் முழுக்கக் கறுப்பு உடுத்துகிறவளை வேறெப்படி அழைப்பார்கள்? அவள் கடையில் விற்பதும் பெரும்பாலும் கறுப்புதான். ஒரு கை மட்டும் நீண்ட சட்டை, ஒரு கால் முட்டியோடு நின்றுபோன கால்சட்டை என்று எல்லாமே ஒரு தினுசு. மாட்டி வைத்தால் மூட்டை கட்டுகிற துணிபோல் தொங்கும். போட்டால்தான் உருவம் வரும். அதனால் தினம் ஒன்றை அவளே போட்டுக்கொண்டு நிற்பாள். முழங்கால்கள் கெஞ்சும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, போய்விடுவார்கள்.

கடையை இழுத்து மூடு என்று சொல்லிச் சொல்லிக் கணவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அவளும் அலுத்துத்தான் போயிருந்தாள். ஆனால் இந்த விசித்திரத் துணிகளை எப்படி உடுத்துவது என்று அவள் சொன்னால் வாடிக்கையாளர்கள் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். எது எப்படிப் பொருந்தும் என்று பார்க்கிற அந்தக் கண் தனக்கு இருக்கிறவரை கடையும் இருக்கட்டும் என்று நினைத்திருந்தாள்.

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. இந்தத் துணிகளை உருவாக்கும் டிசைனர், எங்கெங்கோ இருக்கிற இதுபோன்ற சின்னக் கடைகளையெல்லாம் சுற்றிவிட்டு ஒருநாள் இங்கேயும் வந்தார். ஜன்னல் பொம்மைக்குப் போட்டிருந்த கோட்டின் முன்னால் நின்றார். அகலமான ஒரே துணி, நடுவில் இரண்டு கைகள். எந்தப் பக்கம் மேலே என்று எழுதி அனுப்புகிற வழக்கம் அவரிடம் கிடையாது. கடைக்காரர்கள்தான் கண்டுகொள்ள வேண்டும். மடித்துத் தைத்த ஓரத்தை அவள் காலர் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது கீழ் ஓரம்மா. தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றார். கோபப்படவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு உடம்பே கூசியது. அந்தக் கோட்டில் ஒன்றுதான் விற்றிருந்தது. வாங்கியவர் பல் டாக்டர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். கோட்டுப் பையில் வைத்த சாவி அடிக்கடி விழுகிறதே என்று அவர் கேட்டபோது, பை என்றால் பொருள் வைத்தே தீர வேண்டுமா என்று பெரிய தத்துவம் பேசி அனுப்பியவள் அவள். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. சொன்னால் இனி அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

அந்த வாரமே டாக்டர் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"தெரியும்மா" என்றார் அவர். "சாவி விழுந்தப்பவே வீட்ல திருப்பிப் போட்டுப் பாத்தேன். பை நேரா நின்னுச்சு."

"அப்புறம் ஏன் இப்படியே போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"அன்னிக்கு இதை எனக்குக் காட்டினப்ப உங்க மொகத்துல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ரொம்ப நாளா அதைப் பாக்கல. வந்து எப்படிச் சொல்றது?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இன்னும் எத்தனை பேர் தன் மனசு நோகக் கூடாதென்று தான் சொன்னபடியே உடுத்தினார்களோ? வெட்கத்தில் அழுகை முட்டியது. அந்த மனுஷன்மேல் பாசமும் வந்து தொலைத்தது.

டாக்டர் கிளம்பத் திரும்பினார். பழக்க தோஷத்தில் பையில் போட்டிருந்த சாவி ணங்கென்று தரையில் விழுந்தது.

"கழட்டிக் குடுங்க" என்று அவள் ஊசிப் பெட்டியை இழுத்தாள். "பையையாவது திருப்பித் தைச்சுத் தர்றேன்."