ஒற்றைத் தையல்

லாஸ்டின் மேல் டேப் ஒட்டும்வரை எனக்குப் பயமில்லை. லாஸ்ட் என்பது பாத வடிவத்தில் செய்த பிளாஸ்டிக் அச்சு. அதைப் பேப்பர் டேப்பால் முழுக்க மூடி, மேலே பென்சிலால் ஷூவை வரைய வேண்டும். டேப்பை உரித்து அட்டையில் பரப்பினால் அதுதான் பேட்டர்ன். பென்சிலை எடுத்ததும்தான் பயம் வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு பேங்க் கடிதம் வந்தாலும், ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஷூ செய்வதற்கான டிப்ளமோ முடித்து, ஆம்பூர்ப் பக்கம் அம்மா வேலை செய்யும் கம்பெனியிலேயே சேர்ந்தேன். இரண்டு வருடம் ஷூக்கள் வரிசையாகத் தயாராகும் லைனில் செக்கிங். அதன்பின் மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, "ஆறு மாசம் சாம்பிள் ரூம்ல இரு. நீ போட்ட ஷூ ஒண்ணாவது பையருக்குப் பிடிச்சு ஆர்டர் வரணும். இல்லன்னா லைனுக்கே போய்டு" என்றார்.

ஐந்து மாதம் நான் வரைந்ததெல்லாம் அங்கிருந்த பேட்டர்ன் மாஸ்டர் போடுவதன் நகல்கள். முனையில் ஒரு துண்டு, ஓரத்தில் ஒரு துண்டு, பொடித் துளைகள், இரட்டைத் தையல். ஒன்றும் தேறவில்லை. ஆறாவது மாதம் ஒரு காலையில் கால் நுழையும் வாயை வரைந்தேன். குதிகாலில் ஒரு கோடு போட்டேன். பென்சில் நின்றுவிட்டது. முழு ஷூவும் ஒரே தோல், பின்னால் மட்டும் ஒரு தையல். பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் யாருடைய சாயலும் இல்லை என்று தெரிந்ததும் அழிக்க ரப்பரை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, திருப்பதிக்குப் போய் வந்தாமாதிரி மொட்டையா இருக்குது?"

"சிம்பிளா இருக்கட்டும்னு, மாஸ்டர்."

"சிம்பிளா? துண்டு துண்டா எதுக்கு வெட்டறோம்? தோல்ல இருக்குற கோளாற ஒதுக்கத்தான். ஒரே பீஸ்னா எங்க ஒளிச்சு வைப்ப? பேஜார் புடிச்ச வேலை. உன் இஷ்டம்."

அவர் சொன்னது தொழில் கணக்கில் சரி. ஆனாலும் எனக்கு அதை மாற்றக் கை வரவில்லை.

அந்த வாரமே பையர் வருகிறார் என்று செய்தி வந்தது. அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். தோலை வெட்டுமுன் அடியிலிருந்து விரலால் தள்ளி, இழுத்துப் பார்க்க வேண்டும். தூங்கும் கீறல் அப்போதுதான் கண் விழிக்கும். லைனில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தது. அன்று இழுக்காமல் மேலாகப் பார்த்துவிட்டுப் பேட்டர்னை வைத்தேன். லாஸ்டில் இழுத்துக் கட்டியதும் வலது ஷூவின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு வாய் திறந்தது. மாடு உயிரோடு இருந்தபோது ஏதோ முள்வேலி கிழித்த தழும்பு. வேறு ஜோடி செய்ய நேரமில்லை.

ஒவ்வொரு சாம்பிளிலும் ஒரு டேக் தொங்கும். சைஸ், தோல், கடைசியில் பேட்டர்ன் போட்டவரின் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள். அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு மாஸ்டருடைய எழுத்துகளை எழுதினேன். அவருக்கு இருபது வருட சர்வீஸ், ஒரு கீறலால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஃபினிஷிங்கில் எல்லா சாம்பிளும் அம்மாவின் மேஜைக்குத்தான் போகும். நூல் பிசிறு எரித்து, துடைத்து, மெருகு போடுவது அவள் வேலை. நான் கொண்டுபோன ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் பார்க்கும் எழுத்துகளின் உருவம் தெரியும். டேக்கை உற்றுப் பார்த்தாள்.

"இது மாஸ்டர் டேக்காச்சே. அவரு இப்டி வெறுமையா போட மாட்டாரே."

நான் டேக்கைத் திருப்பி வைத்தேன்.

"உன்னுதா?"

தலையாட்டினேன்.

"உன் பேரை எழுதத் தெரியாதவ நானு. உனக்கு இன்னா வந்தது?" என்றாள். பிறகு கீறலைத் தடவி, "கலர் வெச்சு மூடட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. ஷூ வளைஞ்சா கலர் விட்டுப்போய்டும்."

டேக்கை மாற்றுவதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாற்றவில்லை. பயம் அப்படி இருந்தது.

மறுநாள் காலை நீள மேஜையில் இருபது ஷூக்கள். வெளிநாட்டுப் பையர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். என்னுடையதை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். ஏதோ கேட்டார். மேனேஜர் டேக்கைத் திருப்பினார்.

"மாஸ்டர், உங்களுது. இன்னா இது, கீறலோட டேபிளுக்கு வந்திருக்குது?"

மாஸ்டர் டேக்கைக் கையில் வாங்கினார். தன் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டேக்கைக் கீழே விட்டார். அவர் காது மட்டும் சிவந்தது.  வாயைத் திறந்தால் லைன். திறக்காவிட்டால், அந்தக் காது.

"நான்தான் சார்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பேட்டர்ன் என்னுது. டேக்கும் நான் எழுதினதுதான். தோலை இழுத்துப் பாக்காம வெட்டிட்டேன்."

மேனேஜர் என்னை முறைத்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார்.   பையர் ஷூவை இன்னொருமுறை திருப்பி, குதிகால் தையலைப் பார்த்து, மேஜையின் கோடியில் தனியாக வைத்தார். எடுத்தவற்றோடும் சேர்க்கவில்லை, ஒதுக்கியவற்றோடும் சேர்க்கவில்லை.

"நல்ல தோல்ல இன்னொரு ஜோடி கேக்கறாரு," என்றார் மேனேஜர். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள. அதுவும் சொதப்பினா லைன்தான், பாத்துக்க."

எல்லோரும் போனபின் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் திருப்பிக்கொண்டார்.

"பேரைத்தான் திருடின. கையெழுத்தயாவது ஒழுங்கா போட்டிருக்கலாம்ல?"

சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் மாதனூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். 

"நாளைக்கு டேக்குல எவன் பேரு?"

"என் பேரும்மா."

"எப்டி இருக்கும்? காட்டு."

ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் என் இரண்டு எழுத்துகளை விரலால் எழுதினேன். கோணலாக வந்தன. அம்மா தலையைச் சாய்த்து, வாய்க்குள் ஏதோ முனகியபடி, நிறுத்தம் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த எழுத்து என் டேபிளுக்கு வந்தா கண்டுபுடிச்சிடுவேன்," என்றாள்.

இனி தப்பு வந்தாலும் அது என்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.