கமெராவுக்கு வைத்த சந்தனம்

எங்கள் நிலவறை அலமாரியில் அந்தக் கமெரா இன்னும் கிடக்கிறது. கையடக்கமான பச்சைப் பெட்டி. காட்டில் ஒரு மரத்தில் கட்டிவிட்டால், எதிரே மிருகம் அசையும்போது தானாகவே படம் எடுக்கும். போன கிழமை வேறெதையோ தேடப் போய் அதன் மூடியைத் திறந்தேன். மூன்று வருடமாகியும் ஊதுபத்தி வாசம் போகவில்லை. தேடப் போனதை மறந்து, பழைய கதிரையொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோடைகாலத்தை நினைத்தால் இப்போதும் மனம் இளகுகிறது.

டோர்ட்மண்டில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்த ஜேர்மன் நண்பர், நகரத்துக்கு வெளியே ஒரு காட்டுத்துண்டை வேட்டைக்காகக் குத்தகைக்கு வைத்திருந்தார். அவரோடு சும்மா நடக்கப் போய் எனக்கும் ஆசை பிடித்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு வேட்டைப் பரீட்சை எழுதினேன். முதல் தடவை கோட்டை விட்டேன். இரண்டாம் தடவை எப்படியோ கரை சேர்ந்தேன். ஒற்றைப் பையோடு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவனுக்கு இப்போது மான் வேட்டை கேட்கிறது என்று மச்சான்மார் நக்கலடித்தார்கள். நான் கணக்கெடுக்கவில்லை.

அந்த வருடம் நண்பரின் முழங்கால்கள் மக்கர் பண்ணத் தொடங்கின. வரும் வசந்தத்தோடு குத்தகையை விடப் போவதாகச் சொன்னார். அதற்கு முன் ஒரு கிடாய் மான் எனக்கு என்றார். இடக்கொம்பு உள்ளே வளைந்த கிழடு அது. அந்தக் கோடையில் அதைச் சுடாவிட்டால் பிறகு எனக்குக் காடும் இல்லை, மானும் இல்லை.

லீவு கிடைத்த நாளெல்லாம் விடியுமுன் துவக்கோடு புறப்பட்டேன். வளைந்த கொம்பன் கண்ணில் படவேயில்லை. வேட்டை என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் மனைவி, ஒருநாள் தானாகவே வந்து, கமெரா ஒன்று வாங்கிக் கட்டினால் அது வரும் நேரம் தெரியும், அன்றைக்கு மட்டும் போகலாம் என்றாள். என் நித்திரை கெடுகிறதே என்ற கரிசனை என்று நினைத்துக்கொண்டேன்.

மலிவான கமெராவைத் தெரிவுசெய்வது லேசான வேலை இல்லை. விலை குறையக் குறையப் பெட்டிக்கு வெளியே போட்டிருக்கும் மெகாபிக்சல் கூடிக்கொண்டே போனது. முகம் தெரியாதவர்கள் எழுதிய குறைகளை வாசித்து வாசித்து இரண்டு கிழமை ஓடியது. கடைசியில் இருவருமாக வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் நேர்மையான மனிதர். மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள் என்றார். அசைவு தெரிந்ததும் எவ்வளவு விரைவாகப் படம் எடுக்கிறது என்பதுதான் முக்கியமாம். சுணங்கினால் மானின் வால்தான் மிஞ்சும். இருட்டில் சிவப்பாக மினுங்கும் விளக்கும் கூடாது, கிழட்டு மான் கண்டுபிடித்துவிடும். படத்தை நேரே தொலைபேசிக்கு அனுப்பும் கமெராவையும் காட்டினார். அதற்கு மாதாமாதம் காசு என்றதும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மற்றதென்றால் காட்டுக்குப் போய்ப் படம் பதிந்த கார்டை நாங்களே எடுத்துவர வேண்டும்.

அப்போது என் மனைவி மெதுவாகத் தமிழில் கேட்டாள். "இஞ்சாருங்கோ, அந்தக் கார்ட் எடுக்கப் போகேக்கை துவக்கு கொண்டுபோகத் தேவையில்லைத்தானே?"

என்ன விசர்க் கேள்வி என்று நினைத்தபடி, தேவையில்லை என்றேன்.

"அப்ப இதுவே காணும்" என்று மலிவானதைத் தொட்டுக் காட்டினாள்.

எங்கள் வீட்டுக்குள் வரும் எந்தப் புது இயந்திரமும் முதலில் சாமித்தட்டுக்குத்தான் போகும். காருக்குத் தேசிக்காய், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குக் குங்குமம். கமெராவுக்குச் சந்தனம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, கற்பூரமும் காட்டினாள். மனிதர் படத்தில் விழக்கூடாது, இங்கே சட்டம் அப்படி என்று நண்பர் சொல்லியிருந்தார். நடைபாதைக்கு முதுகு காட்டி, மரமில்லாத வெட்டை ஒன்றைப் பார்த்தபடி கட்டினேன்.

முயல் வந்தது. காற்றில் ஆடிய கொப்புகள் நூறு தடவை வந்தன. மான் மட்டும் வரவில்லை. பற்றரி ஏற்றுவதற்காகக் கிழமைக்கொரு தடவை கமெராவை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அது சாமித்தட்டில் ஓரிரவு இருந்துவிட்டுத் திரும்பக் காட்டுக்குப் போகும். ஐந்து கிழமை இப்படியே போனது. மலிவான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஒருநாள் நண்பர் நொண்டி நொண்டி என்னோடு வந்தார். மரத்தடியில் நின்று மூக்கை உறிஞ்சினார். "இங்கே என்ன, தேவாலயம் மணக்கிறது?" என்றார்.

கமெராவை முகர்ந்து பார்த்தேன், ஊதுபத்தி. பரீட்சையில் மானின் மூக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவன் நான். வீட்டுக்குப் போனதும் வெடித்தேன். மான் வரவேண்டும் என்று கும்பிட்டுக் கும்பிட்டே மானைக் கலைத்துவிட்டீர் என்று கத்தினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மான் வரவேணுமெண்டு ஆர் கும்பிட்டது? துவக்கோட வெளிக்கிட்ட என்ர அண்ணை திரும்பி வரேல்லை. நீங்கள் வரவேணுமெண்டுதான் கும்பிட்டனான்."

ஊரில் சண்டைக்காலத்தில் நடந்தது, எனக்குத் தெரியாத கதை இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து தெரியும். ஆனால் விடியுமுன் துவக்கோடு நான் கதவைச் சாத்திப் போகும்போது, உள்ளே ஒருத்தி என்ன பாடுபடுவாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. இனிப் போகவில்லை என்றேன். அவள் கேட்கவில்லை. இந்தக் கோடையை விட்டால் உங்களுக்கு வேறு கோடை இல்லை, போகத்தான் வேண்டும், ஆனால் நானும் வருவேன் என்றாள்.

கமெராவின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, காற்றாட விட்டுக் கட்டினோம். நாலாம் நாள் வளைந்த கொம்பன் வந்தது. தொடர்ந்து மூன்று விடியற்காலை, அதே நேரத்துக்கு.

அடுத்த நாள் இருவருமாக வெட்டையைப் பார்த்த வேட்டைப் பரணில் ஏறினோம். அவள் தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். வெளிச்சம் வந்தபோது அது வெட்டையின் ஓரத்தில் வந்து நின்றது. நான் துவக்கைத் தூக்கவும் காற்று எங்கள் முதுகிலிருந்து அடிக்கவும் சரியாக இருந்தது. அவள் நெற்றியில் புறப்படும்போது வைத்த சந்தனம் மணத்தது. கிடாய் தலையை நிமிர்த்தி நாய்போல ஒருதரம் குரைத்துவிட்டுப் பாய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு வரவேயில்லை. வசந்தத்தில் காடு வேறு ஆளின் கைக்குப் போனது.

கமெராவைக் கடைசியாகக் கழற்றிவந்து கார்டைப் போட்டுப் பார்த்தேன். அந்த விடியற்காலையில் மானின் வால் மட்டும் ஒரு படம். அடுத்த படத்தில் வெட்டையைக் கடந்து நாங்கள் இருவரும் வருகிறோம். அவள் போத்தலோடு முன்னால், நான் துவக்கைத் தோளில் போட்டு, கடுகடுத்த முகத்தோடு பின்னால். மனிதர் விழுந்த ஒரே படம் அதுதான். அழிக்கப் போன என் கையை அவள் பிடித்தாள்.

"அழிக்காதேங்கோ" என்றாள். "இதிலை நீங்கள் திரும்பி வாறியள்."