முன்னால் இருக்கப்பட்ட முகம்

கொல்லயில் என்ற ஊரில் ஷிஜாவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் உண்டு. அவள் மனதைப் புண்படுத்திவிட்டுத் தப்பியவர்கள் கிடையாது. ஒரே ஒருத்தர்தான் பாக்கி இருந்தார்: உதியன்குளங்கரையில் கல்யாண ஆடிட்டோரியம் வைத்திருக்கும் பொன்னுதாஸ்.

படித்து முடித்த கையோடு அவள் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தாள். வாசலோரத்து மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி புக்கிங் எடுக்கிற வேலை. ஒருநாள், மண்டபம் பார்க்க வந்திருந்த கூட்டத்தின் முன்னால் வைத்தே பொன்னுதாஸ் சொன்னார்: “முன்னால இருக்கப்பட்ட மொகம் பாக்க வடிவா இருக்கணும் மக்கா. நீ போன எடுத்துக்கிட்டு பின்னால பாத்திர ரூமுல இரி.” வந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பாவி மனுஷன்! அண்டா குண்டாவுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் போனில் பதில் சொன்னாள் ஷிஜா. கூப்பிட்ட அத்தனை பேரும் கேட்டது இவ்வளவுதான்: இன்ன தேதி காலி உண்டா, எத்தனை பேர் உட்காரலாம், வண்டி நிறுத்த இடம் உண்டா.

அந்த வேலையை உதறிவிட்டு நெய்யாற்றின்கரையில் வெப் டிசைன் படித்தாள். இப்போது வீட்டு முன்னறையிலேயே ஆபீஸ். சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுத்து நல்ல பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரைக் கேட்டுத்தான் போன வருஷம் பொன்னுதாஸ் படியேறி வந்தார். அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு எரிந்தது.

வழக்கம்போல விளக்கினாள். “சைட்டுக்கு வாற ஆளு ஒடனே தேதி பாக்கணும் சார். அதுக்குக் கீழ போன் நம்பர். ஆளுவளுக்கு வேண்டியது அதாக்கும்.”

“அதெல்லாம் கடைசில கெடக்கட்டு. மொதல்ல எனக்க படம், ஸ்கிரீன் நெறய வேணும். பொறவு அப்பாவுக்க படம். பொறவு நான் பொன்னாட வாங்கியது.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் தொண்டை வறள வாதாடியிருப்பாள். இவரிடம், “சரி சார், உங்க இஷ்டம்போல” என்றாள். ஒரு புள்ளி குறையாமல் அவர் கேட்டபடியே செய்து கொடுத்தாள். பொன்னுதாஸின் மீசை போன் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

ஆவணி முகூர்த்தங்கள் வந்தன. ஆடிட்டோரியம் பூட்டிக் கிடந்தது. பாறசாலைக்காரர் ஒருவர் அவரிடமே சொன்னாராம்: “ஒம்ம படத்தத் தள்ளித் தள்ளி வெரலு நொந்துது. நம்பரக் காணல்ல. வேற எடம் பிடிச்சோம்.”

பொன்னுதாஸ் மறுபடி வந்தார். “மக்கா, அத மாத்தணும்.”

“எத சார்?”

“படத்த.”

“ஏன் சார்? நல்ல வடிவாத்தானே இருக்கு!”

“ஆளு வாறதில்ல மக்கா. எனக்க மொகம் முன்னால வேண்டாம்.”

இதைக் கேட்கத்தானே காத்திருந்தாள்! வயிறு குளிர்ந்துபோனது அவளுக்கு. லாப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். “அப்ப பின்னால போடுவோம். சைட்டுக்க கடைசில, பாத்திர ரூமுக்க படத்துக்குக் கீழ எடம் உண்டு. போதுமா?”

பொன்னுதாஸ் திரையைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

“நீ... பாத்திர ரூமுல இருந்து போன் எடுத்த பிள்ளையா?”

“ஷிஜா ஆக்கும் சார். எங்க போடட்டு, சொல்லுங்க.”

பொன்னுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். “அங்கயே போடு.”

அவர் கண் முன்னாலேயே போட்டாள்.