மருந்து அடிக்காத வயலைத் தேடி

ஒரு பிடிச் சேற்றுக்காகப் படையெடுத்துப் போன முதல் மாமன்னன் நான்தான். ஐப்பசி முதல் சனிக்கிழமை, காலை 6.10க்குத் தஞ்சாவூரிலிருந்து புறப்பாடு. படை என்பது என் அக்கா மகள் கயல், ஒரு ஐஸ் பெட்டி, என் பழைய கார்.

கயல் மருந்து வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், பக்கத்துக் கிருமிகளைக் கொல்ல ஏதோ சுரக்கிறதாம். அந்த மூலக்கூறில் ஒரு கையை வெட்டி, ஒரு காலை ஒட்டி, மனிதருக்கு ஆகும் மருந்தாக்கப் பார்க்கிறாள். மூன்று வருடம் முன்பு திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயலில் கிடைத்த உயிர் அது. ஆய்வகக் குளிர்பெட்டி பழுதாகி, வைத்திருந்த அத்தனையும் செத்துப்போயிற்று. அதே வயலில் மறுபடி கிடைக்காவிட்டால் மூன்று வருட உழைப்பு பாதியில் நிற்கும்.

மன்னார்குடியில் இட்லி, வடை, காபி, இருவருக்கும் 150 ரூபாய். அந்த வடையின் ஓட்டைக்குள் காரையே நிறுத்தலாம். சாப்பிடும்போது, என் கால் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை முடித்தேனா என்று கயல் கேட்டாள். முடிச்சாச்சு என்றேன்.

68 கிலோமீட்டர், 8.40க்கு வயல். சொந்தக்காரர் செல்வராசு வரப்பில் காத்திருந்தார். பூச்சிமருந்து பட்ட மண் ஆகாது என்பதால், மருந்து அடித்தீர்களா என்றுதான் கயல் முதலில் கேட்டாள்.

"இந்தப் போகம் ஸ்பிரேயரைத் தொடவே இல்லம்மா."

ஆறு குப்பிகள் நிரம்பின. நான் கொக்குகளுக்கு வெற்றியுரை ஆற்றத் தொடங்கியிருந்தேன். டீ கொண்டுவந்த அவர் மனைவி மல்லிகா, "ஏங்க, போன வாரம் குருணை தூவுனீங்களே, சொன்னீங்களா?" என்றார்.

"அடிச்சீங்களான்னுதானே கேட்டாங்க? குருணை தூவுறதுல்ல?"

மணலில் கலந்து கையால் வீசும் பூச்சிமருந்துதான் குருணை. அடித்தால் மருந்து, தூவினால் குருணை. மனிதர் பொய் சொல்லவில்லை. கயல் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். நான் வெற்றியுரையைப் பாதியில் நிறுத்தினேன். உலக அதிசயங்களில் எட்டாவது அது.

மல்லிகாதான் வழி சொன்னார். "வாய்க்கா தண்ணி முதல்ல ஏறுற அந்த மூலையில குருணை விழல. என் வாத்து மேயுற இடம். தூவுனா சோறு கிடையாதுன்னுட்டேன்."

கயல் மறுபடி சேற்றில் இறங்கினாள். இந்த முறை அடித்தது, தூவியது, கரைத்து ஊற்றியது என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

"இதுலேருந்து நீங்க எடுக்கப்போறதுக்கும் மருந்துன்னுதானே பேரு?" என்றார் செல்வராசு. "அதையும் கண்டபடி அடிச்சுக் கெடுத்துடாதீங்கம்மா."

திரும்பும் வழியில் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கயலிடம் நீட்டினேன். ஏழு நாளைக்குக் கொடுத்தது. புண் வலிக்கவில்லை என்று மூன்றாம் நாளே முடித்துக்கொண்டேன். எட்டு மாத்திரை பாக்கி.

"பாதியில விட்டா, தப்பிச்ச கிருமிக்கு மருந்தைத் தாங்கச் சொல்லிக்குடுக்குற வாத்தியார் நீங்கதான் மாமா," என்றாள். பிறகு டாக்டரிடம் பேச என் போனை வாங்கினாள்.

அந்த உயிர் வாத்து மூலையில் இருக்கிறதா என்று தெரிய மூன்று வாரம் ஆகுமாம். போகிறவர்கள் வெயிலுக்கு முன் போங்கள். செருப்பைக் காரிலேயே விடுங்கள். மருந்து அடித்தீர்களா என்று கேட்காதீர்கள். வயலுக்கு என்னென்ன போட்டீர்கள் என்று கேளுங்கள். மாமாவிடம் முடித்தீர்களா என்று கேட்காதீர்கள். அட்டையை வாங்கிப் பாருங்கள்.