வெயில்காரர் சொன்ன சாட்சி

குடிநீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட்டும் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே அவர் தலையில் இன்னொரு வேலையும் விழுந்தது. வளாகத்தின் நடுவில் நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டியைக் கொண்டுவந்து நட்டார்கள். பக்கங்களில் சாய்வான பட்டைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே நான்கு வெப்பமானிகள். காலை எட்டரைக்கும் மதியம் இரண்டரைக்கும் கதவைத் திறந்து, கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைத்து, டிகிரியில் பத்தில் ஒரு பங்குவரை படித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் தாள்களை வானிலை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அன்றுமுதல் ஊருக்கு அவர் வெயில்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது.

வேலையில் ஆள் பிசகமாட்டார். கல்யாணத்தன்று காலையில்கூடப் புதுச் சட்டையோடு சைக்கிளில் வந்து எட்டரைப் படிப்பை எழுதிவிட்டுத்தான் போனார். மணப்பெண் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினாள். "நான் ரெண்டாவது பெண்டாட்டி. மூத்தவ நாலு காலோட பம்ப் ஹவுஸ்ல நிக்கறா" என்பாள்.

அவள் படுத்தது அவருடைய பத்தொன்பதாவது வருஷ வேலையில். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஆறு மணி நேரத் தொலைவு. ஒவ்வொரு வாரமும் மூன்று நாள் அங்கேதான் தங்கியாக வேண்டும். மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது; பெட்டியைப் பார்க்க யாரும் கிடைக்கவில்லை. விடுப்பு கேட்டு எழுதிய கடிதத்துக்கு அலுவலகம் பதில் போடவில்லை. திரும்பி வந்து பார்த்தால், மூன்று நாளில் எது அதிக வெயிலோ அதை மட்டும் உச்ச வெப்பமானி பிடித்து வைத்திருக்கும். மற்ற நாட்களை அவரே செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, முன் நாளையும் பின் நாளையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவே பொருத்தமாக ஓர் எண் போடுவார். இரண்டு வருஷம் அப்படி நடந்தது. பிறகு அவள் போய்விட்டாள். அவர் மறுபடி பெட்டிக்கு நேராகக் கண்ணை வைத்தார்.

யாரும் கேட்கவில்லை. ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்த மௌனம்தான் அவரைக் கெடுத்தது.

சலூனில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். நூறு வருஷத்தில் இதுதான் அதிக வெப்பமான வருஷம் என்று யாராவது படம் போட்டுக் காட்டுவார்கள். கன்னமெல்லாம் நுரையோடு இவர் சிரிப்பார்.

"என்ன வெயில்காரரே, கத்தி கழுத்துல இருக்கு. சிரிக்காதீங்க" என்பார் சலூன்காரர்.

"நூறு வருஷக் கணக்கை யார் எழுதினா? எங்கேயோ என்னை மாதிரி ஒருத்தன். அவன் பார்த்தானா, பார்க்காம எழுதினானான்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ பூமி சூடாகலைங்கறீங்களா?"

"சூடாகுதோ ஆகலையோ, அது பூமிக்குத்தான் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது."

காத்திருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர் சொல்கிறார், அதற்கு மேல் என்ன வேண்டும். அவருக்கும் அதில் ஒரு சுகம் இருந்தது. தன் ஒரு பொய்யை உலகம் முழுவதற்கும் பங்கு போட்டுவிட்டால், தன் பங்குக்கு மிஞ்சுவது எவ்வளவோ கொஞ்சம்தான்.

முப்பத்திரண்டாவது வருஷத்தில் அந்த அறிவிப்பு வந்தது. உள்ளூர் நிலையத்தின் முப்பத்திரண்டு ஆண்டுப் பதிவுகளின்படி இந்தப் பகுதி வெப்பம் மிகுந்த பகுதி. ஆகவே புகை வடிகட்டி இல்லாத சிறு செங்கல் சூளைகள் தொண்ணூறு நாட்களில் மூடப்பட வேண்டும். மறுப்பு உள்ளவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லலாம். மூட வேண்டியவை பதினொன்று. அதில் ஆறாவது அவருடைய தம்பியின் சூளை. குன்றுக்கு அந்தப் பக்கம் இரவும் பகலும் புகை கக்கும் சிமெண்ட் ஆலையின் பெயர் பட்டியலில் இல்லை. அவர்கள் நாற்பதாயிரம் மரக்கன்று நட்டதாகக் கணக்குக் கொடுத்து விலக்கு வாங்கியிருந்தார்கள். அந்தக் கன்றுகளை மேய்ந்த ஆடுகளை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தம்பி அறிவிப்பை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கே வந்தான். முழங்கைவரை செம்மண்.

"அண்ணா, என் சூளையை மூடினது யாருன்னு தெரியுமா? நீ."

"நான் என்னடா பண்ணினேன். பார்த்ததை எழுதினேன்."

"பார்த்ததையா?" தம்பி குரலைத் தாழ்த்தினான். "அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ பாதி வாரம் நீ ஊர்லயே இல்ல. அப்போ பெட்டியை யார் பார்த்தா, பேயா? பஸ் ஏத்திவிட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"கூட்டத்துல எழுந்து அதைச் சொல்லு. அவங்க கணக்கே பொய்னு ஆயிடும். கணக்கு போச்சுன்னா அறிவிப்பும் போச்சு."

"சொன்னா இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைக்கறது?"

"என்கிட்ட வேலை செய்யற பன்னிரண்டு பேரும் அடுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பாங்க? அதுக்கு ஒரு இடம் சொல்லு, நான் போயிடறேன்."

அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம். கையில் இருந்தது நல்ல பெயர் ஒன்றுதான். மூன்று நாள் யோசித்தார். மரப்பெட்டிக்குப் பத்தடி தள்ளி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காங்கிரீட் சுவர் எழுப்பியதும் நினைவுக்கு வந்தது. சுவர் சூட்டைத் திருப்பி அடிக்கும் என்று அப்போதே எழுதிப் போட்டிருந்தார். அதற்கும் பதில் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் தம்பி தப்பிப்பான் என்று நம்பினார். இத்தனை வருஷம் சலூனில் சொன்னது சரிதான் என்றும் ஆகிவிடும்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கூவும் மைக், மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அதிகாரி. இடது பக்கம் சட்ட ஆலோசகர். வலது பக்கம் வானிலை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும், முன்னால் தடித்த கோப்பு. வெயில்காரர் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவியின் நோயை, பதில் வராத கடிதத்தை, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களை, சுவரை. நேராகவே சொல்லி முடித்தார். பின்வரிசையிலிருந்து சலூன்காரர் எழுந்து அவரைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வானிலை அம்மா கோப்பைப் புரட்டவில்லை.

"ஐயா, உட்காருங்க. நீங்க சொன்ன ரெண்டு வருஷமும் எங்களுக்குத் தெரியும்."

"எப்படி?"

"நிஜமா பார்த்து எழுதறவங்க கையில கடைசி இலக்கம் பூஜ்யமும் அஞ்சும் நிறைய வரும். மட்டம் கோட்டுக்குப் பக்கத்துல நின்னா கண்ணு கோட்டுக்கே போயிடும். உங்க முப்பது வருஷமும் அப்படித்தான் இருக்கு. அந்த ரெண்டு வருஷத்துல மட்டும் வாரத்துல மூணு நாள் பூஜ்யமும் இல்ல, அஞ்சும் இல்ல. எல்லாம் மூணும் ஏழும். இட்டுக்கட்டறவங்க ரொம்பக் கவனமா எழுதிடறாங்க."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.

"அந்த நாட்களை எடுத்துட்டோம். சுவர் கட்டின வருஷத்தையும் சுத்துப்பட்ட ஆறு நிலையத்தோட வெச்சுப் பார்த்துச் சரி பண்ணியாச்சு. அதுக்கப்புறமும் வெப்பம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல ஏறியிருக்கு. ஏறலைன்னா எனக்கும் சந்தோஷம்தான்."

அவர் உட்காரவில்லை. மைக்கைக் கையில் பிடித்தபடியே கேட்டார். "சரிம்மா. வெயில் ஏறினது நிஜம். அதைப் பதினொரு சூளைதான் ஏத்திச்சா? குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு புகை போகுதே, அது சாம்பிராணியா?"

அந்த அம்மா அதிகாரியைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "என் அறிக்கையில முதல் பெயர் அதுதான் ஐயா. வெளியான அறிவிப்புல எப்படி இல்லாம போச்சுன்னு என்னைக் கேட்காதீங்க."

அதிகாரி, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

தொண்ணூறாம் நாள் இயந்திரம் வந்து தம்பியின் சூளையை இடித்தது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஊரை விட்டுப் போனார்கள். வெயில்காரரிடமிருந்து பெட்டியின் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். பொய்ப் பதிவுக்கு விளக்கம் கேட்டு ஓலையும் வந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் வானிலை அலுவலகம் அவருக்கு அனுப்பிய முதல் கடிதம் அதுதான். சலூனில் இவர் நுழைந்தால் பேச்சு நின்றது. "மூணும் ஏழும்" என்று ஒரு பெயர் உருவாகி, பழைய பெயரைத் தின்றுவிட்டது.

தம்பி ஐந்து மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்த அன்று அவன் உடம்பில் செம்மண் இல்லை. சாம்பல் நிறத் தூசி இருந்தது. சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் தற்காலிக வேலை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், சட்டைப் பையிலிருந்து ஒரு முத்திரைத் தாளை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தான்.

"அந்த அம்மா விடலையாம் அண்ணா. மேல எழுதி எழுதி, அடுத்த பட்டியல்ல ஆலையைச் சேர்க்கப் போறாங்களாம். ஆலைக்காரங்க கோர்ட்டுக்குப் போறாங்க. நீ கூட்டத்துல சொன்னதைத்தான் இதுல டைப் அடிச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா என்னை நிரந்தரமாக்கிடறேன்னு மேனேஜர் வாய்விட்டுச் சொல்லிட்டார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எல்லாம் அவர் சொன்னதுதான், கடைசி வரியைத் தவிர. 'ஆகவே இந்த நிலையத்தின் எந்த ஆண்டுப் பதிவும் நம்பத் தகுந்ததல்ல.'

"இந்த வரி நான் சொல்லலையே."

"சலூன்ல பத்து வருஷமா வேற என்ன சொன்னே?"

பேனாவை எடுத்தார். தம்பியின் முகம் கொஞ்சம் இளகியது. கடைசி வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் எழுதினார்: 'மற்ற முப்பது ஆண்டுகளும் நான் என் கண்ணால் பார்த்து எழுதியவை.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

தம்பி அதை இரண்டு முறை படித்தான்.

"இதை அவங்க வாங்கமாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பொய் சொல்லி என்னைக் கெடுத்தே. உண்மையைச் சொல்லியும் கெடுத்தே. இப்போ ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்டுக் கெடுக்கறே."

"உனக்காக ஒரு தடவை அந்த மண்டபத்துல அம்மணமா நின்னேன்டா. அந்த முப்பது வருஷத்தையாவது விடு."

"அதை வெச்சு என்ன பண்ணப் போறே?"

தம்பி தாளைக் கசக்கவில்லை, கிழிக்கவுமில்லை. விலை கொடுத்து வாங்கிய முத்திரைத் தாளாயிற்றே என்பதுபோல் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மெல்லிய சாம்பல் தூசி படிந்திருந்தது. வெயில்காரர் ஒரு ஈரத்துணியை எடுத்துவந்து அதைத் துடைத்தார்.