அளவு போட்ட பறவைப் புத்தகம்

அந்தப் பனங்காடை செத்தது என் கையிலா, என் மகளின் கையிலா? நான்கு வருஷமாகிவிட்டது. இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதன் கழுத்தில் என் இரண்டு விரல்கள் இருந்தன. அவற்றின் மேல் அவள் உள்ளங்கை இருந்தது. யார் அழுத்தியதில் முறிந்தது என்று எப்படிச் சொல்வது?

அப்போது ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருந்தோம். மாமியார், கொழுந்தனார், நான், ஆறு வயது மூத்தவள், தொட்டிலில் சின்னவள். வீட்டுக்காரருக்குக் கொடைரோட்டில் ரயில்வே வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து போவார்.

மூத்தவளுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. சோறு இறங்கவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து பறவைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அது என்னம்மா?" என்பாள். காக்கை, கொக்கு, கிளி, மைனா தாண்டினால் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் திண்டுக்கல் டவுனில் பிறந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடுவேனோ என்பதுதான் எப்போதும் என் பயம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயே பாத்து ஒரு புஸ்தகம் வாங்கிரு. படிச்சவதான" என்றார்.

மாமியார் விடவில்லை. "குருவிக்குப் பேரு பாக்க டவுனுக்குப் போகணுமா? பேரு சொல்லிக் கூப்ட்டா வந்து நிக்கப் போகுதாக்கும்!"

அதையும் மீறித் திண்டுக்கல்லுக்குப் போனேன். பழைய புத்தகக் கடையில் இரண்டு கிடைத்தன. இரண்டும் இங்கிலீஷ். ஒன்று மெலிந்தது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். மற்றது தடி. படமே கிடையாது. ஒவ்வொரு பறவைக்கும் இறக்கை இத்தனை அங்குலம், அலகு இத்தனை, கால் இத்தனை, வால் இத்தனை என்று அச்சடித்திருந்தது. மெலிந்ததைத்தான் முதலில் எடுத்தேன். அதில் மைனாவைத் தேடினேன். காலுக்குச் சிவப்பு பூசியிருந்தது. மைனாவுக்கு மஞ்சள் கால் என்பது எனக்கே தெரியும். எனக்குத் தெரிந்த ஒன்றிலேயே தப்பு என்றால், தெரியாததில் எத்தனை இருக்கும்?

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சாயம் முன்னப்பின்ன இருக்கும்மா. இஞ்சுக் கணக்கு முன்னப்பின்ன இருக்குமா?"

வெளியே வந்தேன். திரும்பவும் உள்ளே போனேன். மறுபடியும் படங்களைப் புரட்டினேன். கடைசியில் தடிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சரிதானா, சரிதானா என்று வழி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை. மூத்தவள்தான் கேட்டாள்.

"பறக்குறத எப்படிம்மா அளக்குறது?"

பதில் கொழுந்தனாரிடமிருந்து வந்தது. சோளத்துக்குக் காவல் அவர்தான். கவட்டையில் கல்லை வைத்து இழுத்தால் குறி தப்பாது. அடித்த கிளியைக் கம்பில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார். மற்றவை கிட்டே வராது. "இதுக்கா மதினி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? நான் அடிச்சுத் தாரேன். ஏத்தா, நீ அள" என்று மூத்தவள் பக்கம் திரும்பினார்.

எப்படியும் சாகப்போகிற கிளிகள்தானே என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். மர ஸ்கேலை வைத்து, இறக்கையின் மடிப்பிலிருந்து நுனி வரை அளக்கச் சொல்லிக் கொடுத்தேன். அலகில் ரத்தம் இருந்தால் துடைத்துவிட்டு அளக்கச் சொன்னேன். அவள் சொல்லும் அளவும் புத்தகத்து அளவும் ஒத்துப்போனபோது கை தட்டினாள். அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் சாமிக்கு விளக்கேற்றினேன்.

பத்து நாளில் சோளம் தின்கிற பறவைகள் தீர்ந்துபோயின. அவள் விரல் நீட்ட ஆரம்பித்தாள். "சித்தப்பா, அது." சோளத்தைத் தொடாத பறவைகள். கல் விசையாகப் போகும். பொத்தென்று சத்தம் கேட்கும். அவள் ஓடுவாள். நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று நான் தினமும் நினைத்தேன்.

தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்த பறவையைக் கொழுந்தனார் ஒரு மத்தியானம் அடித்துக்கொண்டு வந்தார். அது சாகவில்லை. ஒரு இறக்கை முறிந்து தொங்கியது. முற்றத்தில் போட்டதும் மற்ற இறக்கையை விரித்து மண்ணை அடித்தது. அப்படி ஒரு நீலத்தை நான் சேலையில்கூடப் பார்த்ததில்லை. காறிக் காறிக் கத்தியது. மகள் ஸ்கேலை வைத்தாள். அது அவள் மணிக்கட்டைக் கொத்திக் கிழித்தது. ரத்தம் ஸ்கேலில் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"ஆடாமப் பிடிம்மா!"

பிடித்தேன். ஏன் பிடித்தேன்? பிள்ளை பாடத்தில் உதவி கேட்டால் தாய் செய்யத்தானே வேண்டும்! கழுத்தை அமுக்கினேன். அவளும் அமுக்கினாள். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி விரலுக்கடியில் ஏதோ ஒடிந்தது.

"இப்பத்தான் நேரா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அளவைப் படித்தாள்.

நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். கொழுந்தனார் பல்லைக் குத்திக்கொண்டே, "பனங்காடைல்ல அது" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அம்புட்டுக்கும் பேரு தெரியுமே மதினி! நீங்க அளக்கத்தான கேட்டீக? பேரு யாரு கேட்டா?"

அடுத்த வாரம் அடுப்படியில் இருந்தேன். சின்னவள் வீறிட்ட சத்தம் கேட்டு ஓடினேன். மூத்தவள் தொட்டிலுக்குள் குனிந்திருந்தாள். ஒரு கை குழந்தையின் கழுத்தில். மற்றக் கையால் பிஞ்சுக் கையை நீட்டி இழுத்து ஸ்கேலில் வைத்திருந்தாள்.

"ஆடுறாம்மா. வந்து பிடி."

அந்த ஸ்கேலைப் பிடுங்கி அவளை அடித்தேன். முதுகில், காலில், தடுக்க வந்த கையில். ஸ்கேல் முறிந்த பிறகு வெறுங்கையால் அடித்தேன். மாமியார் என் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். "கொன்னுபுடாதடி பாவி!" மூத்தவளின் உதடு கிழிந்திருந்தது. அழவில்லை. என்னையே பார்த்துக் கேட்டாள்: "நீயுந்தானம்மா பிடிச்ச?"

அவளுக்கு இப்போது பத்து வயது. வகுப்பில் முதலாவது. அதன்பின் ஒரு எறும்பைக்கூட நசுக்கி நான் பார்க்கவில்லை. ஆனாலும் இரண்டு பிள்ளைகளையும் ஓர் அறையில் தனியே விட எனக்குத் தைரியம் வருவதில்லை. குளிக்கப் போனாலும் சின்னவளைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறேன். ஏன் என்று மூத்தவளுக்குத் தெரியும். கேட்டதில்லை. தடிப் புத்தகம் பரணில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. எரிக்கவும் கை வரவில்லை.

போன மாதம் வேலியோரம் ஏதோ ஒன்று கூவியது. நான்கு வருஷத்துக்குப் பிறகு அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, படம் போட்ட அந்தப் புஸ்தகம் இன்னும் கடையில இருக்குமா?" என்றாள்.

பார்த்து வைத்திருக்கிறேன். அங்கேயேதான் இருக்கிறது. மைனாவுக்கு இன்னமும் சிவப்புக் கால். அதை வாங்கி அவள் கையில் கொடுக்கலாமா? தூரத்திலிருந்தே பார்த்துப் போதும் என்று இருந்துவிடுவாளா? பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், அதுவும் ஒரு தரம் இப்படிப் பயந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.